பனிக்காலம் தாங்கும்படி தார்த்தளத்தைப் பழுதுபார்ப்பது எப்படி?

பனி உறையும் நாடுகளில் வீட்டு வண்டிப்பாதையும் வண்டி நிறுத்துமிடமும் பெயர்ந்து போவதற்கு வண்டிகளின் பாரத்தைவிட நீரே பெரிய காரணம். உறையும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. ஆகவே, நகம் நுழையும் அளவே உள்ள விரிசலில் பகலில் இறங்கிய உருகுநீர், இரவில் உறைந்து இரு ஓரங்களையும் நெட்டித் தள்ளி, மறுநாள் இன்னும் சற்றுக் கூடுதலான நீருக்கு இடம் செய்துவிடுகிறது. அடியில் இருப்பது நுண்ணிய வண்டல் மண் என்றால் பாதிப்பு இன்னும் ஆழமானது. அந்த மண் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பனிக்கட்டிப் படலங்களாகத் திரட்டி, தளத்தையே மேலே தூக்கிவிடும். இளவேனிலில் மேல்மண் உருகிய பிறகும் அடிமண் உறைந்தே கிடப்பதால், நீர் வடிய வழியின்றி அடித்தளம் இளகி நிற்கும்; பாரமான லாரிகளை உள்ளே விடவே கூடாத காலம் அது.

எனவே, பழுதை அடைக்கும் கலவை வாங்குவதற்கு முன், மழை விட்டதும் தளத்தைச் சுற்றி வந்து, நீர் தேங்கும் இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக் கொள்ள வேண்டும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் இருந்தால் நீர் தேங்காமல் ஓடிவிடும். கூரையின் மழைநீர்க் குழாய் தளத்தின் மீது கொட்டுமானால், முதலில் அதைத் திருப்பிவிட வேண்டும். அதைச் செய்யாமல் அடைக்கும் எந்தக் குழியும் அடுத்த பனிக்காலத்தில் மீண்டும் திறந்துகொள்ளும்.

பழுதுகளில் மிகுந்த கவனம் பெற வேண்டியது விரிசல்தான், ஏனெனில் குறைந்த செலவில் மிகப் பெரிய சேதத்தைத் தடுப்பது அதை அடைக்கும் வேலையே. குளிரில் விரிசல் அகலும், வெயிலில் குறுகும். ஆகையால் இரண்டுக்கும் இடைப்பட்ட இளவேனிலின் பிற்பகுதியோ இலையுதிர் காலத்தின் தொடக்கமோ இதற்கு ஏற்றது. 3 மி.மீ.க்குக் குறைவான கீறல்களை மேற்பூச்சே மூடிவிடும். அதற்கு மேல், ஏறத்தாழ 12 மி.மீ. வரை அகன்றவற்றுக்கு ஊற்றி அடைக்கும் திரவக் கலவை போதும். முளைத்திருக்கும் புல்லை வேரோடு பிடுங்கி, பழைய திருப்புளியால் உள்ளே இறுகிய மண்ணைச் சுரண்டி, கம்பித்தூரிகையால் இரு சுவர்களையும் தேய்த்து, காற்றுக்குழாயால் தூசியை ஊதிவிட வேண்டும். பிறகு விரலை உள்ளே ஓட்டிப் பாருங்கள்: தூசி ஒட்டினாலும் ஈரம் பட்டாலும் கலவை சுவரைப் பற்றாது. ஆழமான விரிசலில் உலர்ந்த மணலோ நுரைக்கயிறோ இட்டு, மேலே ஒரு செ.மீ. அளவுக்கு மட்டும் இடம் விட்டு ஊற்றுவது நல்லது. நீர் கலந்த கலவை காயும்போது சுருங்கி இறங்கும் என்பதால் பெரும்பாலும் இரண்டாம் முறையும் ஊற்ற நேரிடும். ஆனால் தளமட்டத்துக்கு மேல் புடைத்து நிற்கும்படி நிரப்பக் கூடாது. அப்படி நின்றால் பனி வாரும் வண்டியின் அலகு அதைப் பெயர்த்து எடுத்துவிடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருப்பதும், அடுத்த 24 மணி நேரம் மழை வராதிருப்பதும் கட்டாயம். சூடாக்கி ஊற்றும் ரப்பர் கலந்த கலவை குளிரில் விரிசலோடு சேர்ந்து நெகிழ்ந்துகொடுப்பதால், பெரிய வண்டி நிறுத்துமிடங்களுக்கு அதுவே மேலானது. ஆனால் அதற்குத் தனிக் கொதிகலன் வேண்டும், கொதிக்கும் கலவை தோலில் பட்டால் கடுமையான தீக்காயம் ஏற்படும். ஆகவே அதைத் தொழில்முறைப் பணியாளர்களிடம் விடுவதே சரி.

முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பகுதியை ஊற்றி அடைப்பது வீண் செலவு, ஏனெனில் அங்கே உள்வாங்கியிருப்பது அடித்தளம். அந்தப் பகுதியையும் குழிகளையும் ஒரே முறையில்தான் சரிசெய்ய வேண்டும். உறுதியான தார் தென்படும் வரை சுற்றிலும் நேர்கோட்டில், சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டி, இளகிய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, உடைத்த ஜல்லியை அடுக்கடுக்காக இட்டுத் திமிசுக்கட்டையால் கெட்டிப்படுத்துங்கள். உருண்டைக் கூழாங்கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளாது. கோணலான ஜல்லியே வேண்டும். வெட்டிய சுவர்களில் தார் எமல்ஷனை, அதாவது நீரில் கலந்த தார்க் குழம்பைப் பூசிய பின், தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவையை 5 செ.மீ.க்கு மிகாத அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கடைசி அடுக்கு ஒரு செ.மீ. அளவு உயர்ந்து நிற்கட்டும், வண்டிகள் ஏறி இறங்க அது படிந்துவிடும். சூடான கலவையே நெடுநாள் நிற்கும். ஆனால் அது ஆறுவதற்குள் கெட்டித்து முடித்தாக வேண்டும், கடுங்குளிரில் மெல்லிய அடுக்கு சில நிமிடங்களிலேயே விறைத்துவிடும்.

நடுப் பனிக்காலத்தில் விழும் குழிக்கு, சூடாக்காமலே இடக்கூடிய, மூட்டையில் விற்கும் குளிர்நிலைக் கலவையே வழி. மூட்டையை முந்தைய இரவே வெதுவெதுப்பான அறைக்குள் வைத்தால் கலவை இளகி வேலைக்கு இணங்கும். குழியிலுள்ள பனிக்கட்டியையும் நீரையும் முழுதுமாக அகற்றிவிட்டு நிரப்பி இடியுங்கள். மேலே சிறிது மணல் தூவினால் டயரில் ஒட்டாது. இதைத் தற்காலிக ஒட்டாகவே கருதி, வெயில் காலம் வந்ததும் தோண்டி எடுத்து முறையாக அடைக்க வேண்டும்.

அடைத்தவை இறுகிய பின், 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பூச்சு இடலாம். புதிதாகப் போட்ட தார்த்தளத்துக்குக் குறைந்தது 6 மாதம் அவகாசம் கொடுங்கள். எண்ணெயும் டீசலும் தாரைக் கரைப்பதால், அந்தக் கறைகளைக் கழுவி நீக்காவிட்டால் பூச்சு அங்கே உரிந்துவிடும். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் மேல். நிலக்கரித் தாரில் செய்த பூச்சைத் தவிர்க்குமாறு வலியுறுத்திச் சொல்வேன்: புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் அதில் மிகுதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2011-இல் அதைத் தடைசெய்துவிட்டது. பெட்ரோலியத் தார் எமல்ஷன் பூச்சு அதற்கு ஏற்ற மாற்று.

தளத்தின் ஓரங்கள் எளிதில் நொறுங்கும், ஏனெனில் அவற்றுக்குப் பக்கவாட்டில் பிடிப்பு இல்லை. தள ஓரத்துக்குச் சற்றே தாழ மண்ணோ ஜல்லியோ அணைத்துக் கெட்டித்து, அதற்கு அப்பால் நீர் வடியும்படி சரிவு விட வேண்டும். முதல் பனி விழுவதற்கு முன் ஓரங்களில் உயரமான குச்சிகளை நட்டுவைத்தால், பனி வாரும் ஓட்டுநர் அலகை ஓரத்தில் இடிக்காமல் ஓட்ட முடியும்.