கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் முகங்களைப் படமெடுக்க

வடசென்னையின் மாலைப்பொழுதைப் படமெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் காசிமேட்டுக் கடலோரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் ஆடும் இடங்களையும் பாருங்கள். 2024 கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தப் பக்கத்து ஆட்டத்தில் அவ்வளவு உயிர் இருக்கிறது.

போர்டுக்கு மேலே தொங்கும் விளக்குதான் இங்கே எல்லாம். போன் கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் பவுடர் போட்ட பலகை வெளுத்துப்போகும். திரையில் போர்டின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா? கேமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியாக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும், அதனால் வரும் கோடு அது. இந்த வேகத்தில் ஸ்ட்ரைக்கர் கலங்கலாக இழுபடும். இழுபடட்டும், ஆட்டத்தின் வேகம் அதில்தான் தெரியும்.

ரெட் காய் குழிக்குள் விழும் நொடியில் ஆடுபவரை விட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் நல்ல படம் அங்கேதான் இருக்கிறது.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், குறி பார்ப்பவரின் கண்ணைக் கூசவைக்கும். அப்புறம், போனதும் போனை நீட்டாதீர்கள். ஒரு சுற்று ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். எடுத்த படங்களை அன்றைக்கே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.