வயதானவர்களின் மனச்சோர்வு: தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

அம்மா பேச்சைக் குறைத்துவிட்டார், மீன்குழம்பு இருந்தும் சோறு இறங்கவில்லை, விடியும் முன்பே விழித்துக் கிடக்கிறார். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் ‘வயசானா அப்படித்தான்’ என்று விடக்கூடாது. மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூடவே மலச்சிக்கல், குளிர் தாங்காமை, குரல் கம்மல் இருந்தால் தைராய்டுமேல் சந்தேகம் கூடும். தைராய்டு அதிகமானாலும் முதுமையில் சிலர் கைநடுக்கம் வராமல், எடை குறைந்து வெறுமனே சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனைகளான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டோடு பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு பி12 குறையலாம். முடி கொட்டுவதற்கான பயோட்டின் மாத்திரை டி.எஸ்.எச். கணக்கைக் குழப்பும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். கடும் காய்ச்சல் நேரத்து ரிசல்ட்டையும் நம்ப முடியாது.

லேப் தாளில் டி.எஸ்.எச். 4.5-ஐத் தாண்டியதுமே பதற வேண்டாம். எழுபது கடந்தவருக்கு 5, 6 என்று வந்து டி4 சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. அந்தச் சிறு ஏற்றத்துக்கு தைராய்டு மாத்திரை (லெவோதைராக்சின்) போட்டால் மனசு தெளிந்துவிடும் என்று எண்ணி மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். வயதானவருக்கு, அதுவும் இதய நோய் இருந்தால், 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

நம் குமரி மாவட்டத்தில் தைராய்டு மாத்திரை வேலை செய்யாமல் போக கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத டீ) ஒரு காரணம். ரப்பர் வெட்டுக்குப் போகும் வீட்டில் நாலு மணிக்கே அடுப்பு எரியும், மாத்திரையும் சாயாவோடு போய்விடும். அப்படிப் போனால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை.

தைராய்டு கெட்டதற்கு மரச்சீனிமேல் (மரவள்ளிக்கிழங்கு) பழி போட வேண்டாம். மீனும் அயோடின் உப்பும் சேரும் வீட்டில் அவித்த கிழங்கால் தைராய்டு கெடாது.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பார்ப்பதானால் காலை பத்துக்குள், இரண்டு தனித்தனி நாளில். மனச்சோர்வுக்கென்றே அந்த ஊசி போடுவது சரியல்ல.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தடுமாற்றமோ குழப்பமோ வந்தால் உடனே சோடியம் பாருங்கள். பிரஷருக்கு நீர்மாத்திரை சாப்பிடுபவருக்கு அது சட்டென்று இறங்கும். நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

‘இனி இருந்து என்ன’ என்று சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல், வாழைத்தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் எடுப்பார்கள்.