பழைய காரில் கைபடாமல் போன் பேச: செற், மைக், ஏர்த்

இலங்கையில் போனைக் கையில் பிடித்தபடி வாகனம் ஓட்டுவது குற்றம். கார் பழசு, புளூடூத் இல்லை என்பது சாட்டாகாது. கைபடாமல் பேசத் தேவையான எல்லாவற்றையும் பின்னர் பூட்டிக்கொள்ளலாம்.

மலிவான வழி, சிகரெட் லைட்டர் சொக்கற்றில் செருகி, போனின் ஒலியைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். ஜப்பான் கார்களின் பழைய ரேடியோ பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும்; டிரான்ஸ்மிட்டரோ 87.5இல் தொடங்கும். ஆகவே 87.5க்கும் 90க்கும் இடையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தைத் தேடுங்கள். திருகோணமலை நகருக்குள் தெளிவாக இருந்த இடத்தில் கந்தளாய் தாண்டியதும் வேறு நிலையம் குறுக்கிடலாம். கண்டி வீதியில் அடிக்கடி தூரம் போகிறவர்கள் கார் ரேடியோ செற்றையே மாற்றிவிடுவது நல்லது.

புளூடூத் செற் வாங்கும்போது தனி மைக் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண செற்றின் முகப்பு 180க்கு 50 மில்லிமீற்றர். டொயோட்டாவின் இடைவெளி 200 மில்லிமீற்றர் அகலம் என்பதால் மீதி இடத்தை மறைக்கும் பக்கச் சட்டமும் வேண்டும். மஞ்சள் வயர் பற்றரியின் நிரந்தர மின்சாரத்துக்கு, சிவப்பு திறப்பைத் திருப்பினால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு ஏர்த்துக்கு. மஞ்சளும் சிவப்பும் மாறினால் காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செற்றின் நினைவு அழியும். இரண்டையும் நிரந்தர மின்சாரத்தில் கொடுத்தால் பற்றரி இறங்கும்.

மிகவும் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் வயர். சில பழைய கார்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையைக் காரின் பொடியிலேயே (தகட்டு உடலிலேயே) ஏர்த் செய்திருப்பார்கள். புதிய செற்றின் ஸ்பீக்கர் வயர் எதுவும் பொடியில் படக்கூடாது. பட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் சில்லு (அம்ப்ளிஃபையர் ஐசி) எரிந்துவிடும். மல்ற்றிமீற்றரால் சோதித்து, அப்படி இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுங்கள்.

மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்பது மைக் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஏசி இல்லாத காரில் கண்ணாடியோரத் தூணில் வைத்தால் காற்று நேரே அதில் அடிக்கும். ஸ்டியரிங் கம்பத்தின் மேல்மூடியில் அல்லது பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகில், வாயைப் பார்த்தபடி கிளிப்பால் பிடியுங்கள். இங்குள்ள வெயிலுக்கு ஒட்டும் டேப் இளகி விழும். வயர் பெடல்களுக்குக் கிட்டவே வரக்கூடாது.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடற்காற்றில் ஏர்த் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்றைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் வளைய முனையை இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

பழைய மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனையே பொடியில் ஏர்த் ஆகியிருக்கலாம். அதில் இப்போதைய செற்றை நேரடியாகக் கொடுத்தால் கருகும். சன்வைசரில் மாட்டும், தனிப் பற்றரியுள்ள புளூடூத் ஸ்பீக்கர்தான் அதற்குப் பாதுகாப்பு. வெயிலில் நிறுத்தும்போது கழற்றி எடுத்துவிடுங்கள்.

போனை இணைப்பதும் சோதிப்பதும் கார் நிற்கும்போதுதான். கண்ணாடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். செற்றின் ஒரே பொத்தானால் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் முடியவேண்டும். பாட்டு ஸ்பீக்கரில் வந்து அழைப்பு மட்டும் போனில் கேட்டால், போனின் புளூடூத் அமைப்பில் அந்த செற்றுக்கு அழைப்பு அனுமதியைப் போடுங்கள்.