பக்கத்து மலைதானே என்று விடிகாலையில் கிளம்பும்போது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கு வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்து, ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகையோடு மலையேறி, விடியும்போது உச்சியில் நின்று, சறுக்கி இறங்கி, ஒன்பது மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்துவிடலாம். இதை ‘டான் பேட்ரோல்’ என்பார்கள்.

இதில் பெரிய தவறு வீட்டிலேயே ஆரம்பிக்கிறது: ‘நூறு தடவை ஏறின மலைதானே!’ அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். நல்ல பயிற்சி உள்ளவர்கள்கூட, பழகிய இடம் என்றால், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்குத் துணிந்து ஆபத்தில் இறங்கியிருந்தார்கள். மலை பழையதுதான், பனி அப்படி இல்லை. ராத்திரி அடித்த காற்று முகட்டுக்கு அந்தப் பக்கப் பனியை அள்ளிவந்து இந்தப் பக்கம் பாளமாகக் கொட்டியிருக்கும். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அது கண்ணில் படாது. அதனால் இருட்டில் போகும் பாதை 30 டிகிரிக்குக் குறைவான சரிவாக, மேலேயும் செங்குத்துச் சரிவு தொங்காத இடமாக இருக்கட்டும்.

அடுத்த தவறு, முந்தின நாள் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் கிளம்புவது. யூட்டா பனிச்சரிவு மையத்தின் முழு அறிக்கை காலை ஏழரை மணிவாக்கில்தான் வரும். அதற்குள் நீங்கள் பாதி மலை ஏறியிருப்பீர்கள். ராத்திரி எத்தனை அங்குலம் விழுந்தது, முகட்டில் காற்று எவ்வளவு என்று வானிலை நிலையங்களின் அளவுகளை நீங்களே பாருங்கள். ரோடு மூடலையும் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் சுப்பீரியர் மலையின் தெற்கு முகம் ரோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. ரோட்டைப் பாதுகாக்க வெடி வைத்துப் பனியை இறக்கும் காலை நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் கிளப்பிவிடும் பனிச்சரிவும் ரோட்டில் போகும் யாரோ ஒருவருடைய கார் மேல்தான் போய் விழும்.

ஸ்கின் விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்கீயின் அடியில் ஒட்டி ஏறும் பட்டை அது. கார் நிறுத்துமிடத்தில் குளிரில் பிரித்தபோது காற்றில் பறந்த பொடிப்பனி பசையில் உப்புத்தூவல்போல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எவ்வளவு அழுத்தியும் பட்டை பிடிக்கவில்லை. கால் மணி நேரத்தில் வால் பக்கம் உரிந்து தொங்கியது. இப்போது முந்தின ராத்திரியே வீட்டில் ஒட்டிவிடுகிறேன். உச்சியில் கழற்றியதும் ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு வைத்துக்கொள்கிறேன். சூட்டில் பசை உயிரோடு இருக்கும்.

பனியில் புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவியான பீக்கனை மாட்டினால் மட்டும் போதாது. கிளம்பும் இடத்திலேயே ஒருவர் பீக்கன் இன்னொருவருக்குக் கேட்கிறதா என்று சோதியுங்கள். போன் அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ. பீக்கனோடு, குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும் ஷவலும் ஒவ்வொருவர் பையிலும் வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதைச் செய்ய முடிந்தவர் பக்கத்தில் இருக்கும் உங்கள் கூட்டாளி ஒருவர்தான். தனியாகப் போகாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

உடையில் ஒன்றே ஒன்று. கார் கதவைச் சாத்தும்போது லேசாகக் குளிரட்டும். வெதுவெதுப்பாகக் கிளம்பினால் வியர்த்து நனைந்து, உச்சிக் காற்றில் நடுங்குவீர்கள்.

ஒன்பது மணி மீட்டிங்தான் என்னை அதிகம் பயமுறுத்துவது. நேரமாகிவிட்டதென்று குறுக்கே செங்குத்தில் இறங்கத் தோன்றும். திரும்பும் நேரத்தை முந்தின நாளே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். உச்சி எட்டவில்லையா, சரி, அங்கிருந்தே இறங்குங்கள்.

வசந்தத்தில் ராத்திரி மேகமூட்டமாக இருந்தால் பனி இறுகியிருக்காது. கிழக்குச் சரிவில் வெயில் முதலில் விழும். ஏறும்போதே கைக்கோலைக் குத்திப் பாருங்கள். மேல்தோடு உடைந்து, கோல் கஞ்சிக்குள் இறங்குவதுபோல் இறங்கினால், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிக் காப்பி குடிக்கலாம்.