ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? காயிலைக் கடைசியில் பாருங்கள்

பெங்களூரில் மழை பிடித்துக் கரண்ட் போனால்தான் அல்சூர், சிவாஜிநகர் கடைகளில் மூலையில் கிடக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரின் ஞாபகமே வரும், அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்வலிதான் மிச்சம். உடனே காயில் (பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில்) போய்விட்டது என்று உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கு ஓடாதீர்கள். எலக்ட்ரிகல் சாமானைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில்தான் (ஸ்பார்க்) சந்தேகம். காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிது போடுங்கள். பிளக் முனையின் இடைவெளி பல மாடல்களுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ.

பொறியைச் சோதிக்க டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, சிந்தியதைத் துடைத்து, சிலிண்டர் ஓட்டையில் பழைய பிளக் ஒன்றை முறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளிருந்து வரும் ஆவி குப்பென்று பிடிக்கும். நல்ல பிளக்கை ஒயர் முனையில் இருக்கும் தொப்பியில் செருகி, அதன் மரை இன்ஜின் இரும்பைத் தொடும்படி ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, ஸ்விட்சை ஆனில் வைத்து இழுங்கள். நீலமாகப் பளிச்சென்று வரவேண்டும்.

வரவில்லையா? ஆயிலைப் பாருங்கள், பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆயில் சென்சார் உள்ள மாடல்களில் ஆயில் குறைந்தாலோ ஜெனரேட்டரைச் சரிவில் வைத்தாலோ சென்சாரே இக்னிஷனை எர்த் செய்து பொறியை நிறுத்திவிடும். ஆயில் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் சென்சார் ஒயரைக் கழற்றி இழுத்துப் பாருங்கள், பிறகு ஸ்விட்சிலிருந்து காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரையும். எதைக் கழற்றியதும் பொறி வருகிறதோ கோளாறு அந்த வழியில்தான்: எலி கடித்த ஒயர், ஈரம் இறங்கிய ஸ்விட்ச், இப்படி ஏதாவது. ஸ்விட்ச் ஒயர் கழன்றிருக்கும்போது ஸ்விட்சால் இன்ஜினை நிறுத்த முடியாது, பெட்ரோல் வால்வை மூடித்தான் நிறுத்தவேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் சக்கரம்) காந்தத்தில் துரு இருந்தால் தேய்த்து, காயிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., இடைவெளி வையுங்கள்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிறதா? நின்ற உடனே டேங்க் மூடியைத் தளர்த்தி இழுங்கள். ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. ஓடாமல், சூட்டோடு பொறியும் இல்லை, ஆறியதும் பொறி வருகிறது என்றால் காயில்தான். இப்போது ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள், பழைய காயிலையும் எடுத்துக்கொண்டு. போல்ட் ஓட்டைகளின் தூரம் பொருந்தவில்லையென்றால் வாங்கி என்ன செய்வது?