சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் மசியல்: யாருக்கு, எதற்கு, எப்படி

ஆப்பிளை நறுக்கிச் சிறிதளவு நீரில் வேகவைத்து மசித்தால் கிடைப்பதே ஆப்பிள் மசியல். சர்க்கரை, வெல்லம், தேன் ஆகிய எதையும் சேர்க்காமல் செய்தால், பல் முளைக்காத குழந்தை, பல் விழுந்த முதியவர், காய்ச்சலில் வாய் கசந்து படுத்திருப்பவர் ஆகியோருக்கு அது எளிதில் செரிக்கும் நல்லதொரு பழ உணவாகிறது. நன்றாக மென்று தின்னக்கூடியவருக்கு முழுப் பழமே சிறந்தது. ஆகவே வீட்டில் யாருக்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

பழத்தேர்விலிருந்து தொடங்குவோம். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன், காப்பியோடு பேரி, ஆப்பிள் மரங்களையும் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். காப்பி மலையெங்கும் பரவியது, பேரியும் நிலைத்தது. ஆப்பிள் மரம் பூத்துக் காய்க்க, குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். ஏற்காடு அமைந்துள்ள, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமே உள்ள சேர்வராயன் மலையில் அவ்வளவு குளிர் கிடைப்பதில்லை. எனவே சேலத்துக் கடைகளில் நாம் வாங்கும் ஆப்பிள் பெரும்பாலும் காஷ்மீரிலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது. ஆவணியிலிருந்து கார்த்திகை வரை புதுப்பழம் மலிவாகக் கிடைக்கும். மற்ற மாதங்களில் குளிர்பதனக் கிடங்கில் இருந்த பழமோ வெளிநாட்டுப் பழமோதான் கிடைக்கும். மசியலுக்கு மாவுத்தன்மையுள்ள, இனிப்பான சிவப்புப் பழமே ஏற்றது. பழத்திலேயே இனிப்பு இருந்தால் சர்க்கரையைத் தேடும் எண்ணமே எழாது.

அடிபட்டதால் விலை குறைத்து விற்கப்படும் பழத்தை மசியலுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பூஞ்சை பிடித்த பழத்தை, கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டுக்கூடப் பயன்படுத்தக் கூடாது. அழுகிய ஆப்பிளில் உண்டாகும் பட்டுலின் என்னும் நச்சு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சதைக்குள்ளும் ஊடுருவியிருக்கக்கூடும். வேகவைப்பதால் அது முழுவதுமாக அழிவதில்லை. குழந்தைக்காகச் செய்யும்போது இதில் சிறிதும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நடுத்தர அளவுள்ள நான்கு பழங்களை வெதுவெதுப்பான நீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பளபளப்புக்காகப் பூசிய மெழுகு ஓரளவு நீங்கும். நான்காக அரிந்து, விதையையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டுச் சிறு துண்டுகளாக்குங்கள். தோலைச் சீவ வேண்டாம். தோலோடு உள்ள ஆப்பிளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு. தோலைச் சீவினால் அது பாதியளவுக்குக் குறைந்துவிடும். உடல் செல்களைச் சிதைவிலிருந்து காக்க உதவும் க்வெர்செட்டின் போன்ற எதிர் ஆக்சிகரணிகளும் தோலில்தான் மிகுதி. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் துண்டுகளைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் 15 நிமிடம் வேகவிடுங்கள். பழத்தில் புளிப்பு இருப்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஏற்காட்டில் வசிப்பவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கரண்டியால் அழுத்தினால் துண்டு குழைய வேண்டும், அதுவே பதம். ஆறியபின் வெந்த நீரோடு சேர்த்து மத்தால் கடையலாம். தோல் தட்டுப்படாமல் நைசாக வேண்டுமென்றால் மிக்சியில் அரைக்கலாம். வெந்த நீரை ஒருபோதும் கொட்டிவிடாதீர்கள், பழத்திலிருந்து கரைந்த பெக்டின் என்னும் நார்ச்சத்தின் ஒரு பகுதி அதில் இருக்கிறது. மணத்துக்குச் சிறு துண்டுப் பட்டையோ ஒரு சிட்டிகை ஏலப்பொடியோ போதும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மங்காது.

இந்தப் பெக்டின்தான் மசியலின் முதன்மையான நன்மைக்குக் காரணம். நீரில் கரையும் இந்த நார்ச்சத்து குடலில் கூழாகிப் பித்த அமிலங்களில் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை (கொலஸ்ட்ராலை) எடுத்துக்கொள்வதால், கெட்ட கொழுப்பு சற்றுக் குறைகிறது. கொழுப்பின் அளவில் பயன் தெரிய நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிராம் பெக்டின் வேண்டும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு கிண்ணம் மசியலில் அவ்வளவு இராது. எனவே அதை மருந்தாக எண்ணாமல், பருப்பு, கீரை, கொய்யா ஆகியவற்றோடு சேரும் ஒரு பங்காக எண்ணுவதே சரி. பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்கும் பெக்டின் உணவாகிறது. வைட்டமின் சி வேகும்போது பெரும்பகுதி அழிந்துவிடுவதால், அதற்கு நெல்லிக்காயையும் கொய்யாவையுமே நாட வேண்டும்.

சர்க்கரை சேர்க்காத மசியலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 42 கலோரி உண்டு. சர்க்கரை சேர்த்து விற்பதில் அது 70 கலோரியை நெருங்கும். ஆனால் சர்க்கரை சேர்க்காததிலும் பழத்தின் இயல்பான இனிப்பு 9 கிராமுக்கு மேல் இருக்கிறது என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கலாகாது. முழு ஆப்பிள், மசியல், சாறு ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. முழுப் பழம் தின்றபோது வயிறு நிறைந்த உணர்வு அதிகமாகவும், சாற்றில் மிகக் குறைவாகவும், மசியலில் இடைப்பட்டும் இருந்தது; முழுப் பழத்தைவிட மசியலிலும் சாற்றிலும் இன்சுலின் கூடுதலாக உயர்ந்தது. ஆகவே நீரிழிவு உள்ளவர், பல் உறுதியாக இருக்கும்வரை பழத்தை மென்று தின்பதே நல்லது. மெல்ல இயலாதபோது அரைக் கிண்ணம் மசியலைச் சுண்டலோடோ தயிரோடோ சேர்த்து உண்ணலாம்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்த பிறகே இதைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் தோலைச் சீவி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, நைசாக மசித்து, ஒரு தேக்கரண்டி மட்டும் ஊட்டுங்கள். ஒரு வயது வரை உப்போ சர்க்கரையோ வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் விதைமூலங்கள் சிசுவின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். மசியலில் இரும்புச்சத்தும் புரதமும் மிகக் குறைவு என்பதால், தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே முளைகட்டிய ராகிக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், முட்டை ஆகியவற்றையும் பழக்க வேண்டும். பச்சை ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கக்கூடியது. சிறு பிள்ளைகளிடம் அதைக் கொடுத்துவிட்டு அகலாதீர்கள்.

வயிற்றுப்போக்கின்போது மசியல் துணை உணவாக உதவும், ஆனால் உயிர்காப்பது உப்புச்சர்க்கரைக் கரைசலே. வழக்கமான உணவை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்துவரும் பழைய முறையை இப்போது குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. ஆப்பிள் சாறு போக்கை மிகுதியாக்கக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள். பொட்டாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு, வாழைப்பழத்தைவிட மிகக் குறைந்த பொட்டாசியம் உள்ள இந்த மசியல் ஏற்புடையது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குப் பொடித்து இதில் கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. பொடிக்கக் கூடாத மாத்திரைகளும் இருப்பதால் அதையும் கேட்டறிந்தே செய்ய வேண்டும்.

ஏற்காட்டுப் பேரிக்காய் வரும் பருவத்தில் பாதி ஆப்பிளும் பாதி பேரியுமாகச் சமைத்துப் பாருங்கள். என் கணிப்பில் அதுவே மேலான சுவை. நறநறவென்று கடினமாக இருக்கும் அந்தக் காய் வேக மேலும் பத்து நிமிடம் ஆகும் என்பதால் அதை முன்னதாக அடுப்பில் ஏற்றுங்கள். பேரியில் சார்பிட்டால் என்னும் இயற்கை இனிப்பு கூடுதலாக உள்ளதால் மலச்சிக்கலுக்கு நன்கு கேட்கும். அடிக்கடி வயிறு உப்புசம் காண்பவருக்கு அதே காரணத்தால் ஒத்துக்கொள்ளாது.

நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சியில் மாவுச்சத்தைத் தவிர வேறு சத்து அதிகம் இல்லை. சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி மசியலை அதில் கலந்தால் இனிப்பும் நார்ச்சத்தும் ஒருங்கே சேரும். தினைக் கஞ்சியிலும் ராகிக் கூழிலும் இவ்வாறே கலக்கலாம். கேக் செய்வோர் எண்ணெயில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்கு மசியலைச் சேர்க்கலாம்.

கடையில் வாங்குவதானால் பொட்டலத்தின் ஊட்டச்சத்து அட்டவணையில் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்னும் வரியைப் பாருங்கள். அடர்த்தியாக்கிய பழச்சாறு சேர்த்திருந்தால் அதையும் சர்க்கரையாகவே கொள்ளுங்கள். வீட்டில் செய்ததைச் சேலத்து வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் குளிர்பெட்டியில் நான்கு நாள் வைத்திருக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு மாதத்துக்கும் மேல் தாங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். குழந்தை வாய் வைத்த கரண்டி பட்டு எஞ்சிய மசியலை மீண்டும் பாட்டிலில் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.