புகைக்குழல் செதுக்க எந்த மரம்? முதலில் வளவுக்குள் தேடுங்கள்

நான் புகைப்பதில்லை, செதுக்குவதில்தான் ஆசை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையில் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்த அம்மப்பாவுக்கு ஒரு துரை கொடுத்த பிரையர்க் குழலைத்தான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தேன். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்க்கட்டி. அதில் நார் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும். அதனால் தணல் பட்டாலும் எளிதில் வெடிக்காது. நம்மூரில் அது கிடைக்காது. அதற்கு ஈடாக எதை எடுக்கலாம் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதற்படி, கழிப்பது. அலரி, மஞ்சள் அலரி, காஞ்சிரை, களப்போரத் தில்லை ஆகியவை நஞ்சு, தொடவே வேண்டாம். மரமுந்திரிகையின் பாலும் தோலைப் புண்ணாக்கும். முதிரை பட்டுப்போல மின்னும், ஆசை காட்டும். ஒரு மாலை முழுவதும் அதை அரத்தாளால் தேய்த்துவிட்டு, மூன்று நாள் முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்தேன். வர்ணம் பூசிய பழைய கதவு, தார் பூசிய வள்ளப் பலகை, கடலில் ஊறி ஒதுங்கிய கட்டை எல்லாம் விலக்கு. கருங்காலியை வெட்டச் சட்டம் இடங்கொடாது. காட்டு மரத்தை அனுமதியின்றி ஏற்றினாலும் வழக்குத்தான்.

சவண்டலையை விட்டுவிட்டாயே என்று ஊர்க்காரர் கேட்பார்கள். மர வணிகத்தில் அதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். வள்ளமும் வண்டியும் அதில் செய்வார்கள், சாராயப் பீப்பாயும் அதுதான். ஆனால் நார் நேர்நேராக ஓடும். என் முதற்குழல் இரண்டாம் முறை பற்றவைத்தபோதே வாயிலிருந்து அடிவரை பிளந்தது. தண்டில் பதிக்கும் வளையத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எதைத்தான் எடுப்பது? ஐரோப்பாவில் செரி, பேரி, ஒலிவ மரங்களிலும் குழல் செய்கிறார்கள். கனிமரம் என்ற அந்த வழியிலேயே நாமும் போகலாம். கொய்யா, இலந்தை, விளா இவற்றில் அடிமரமும் வேர் பிரியும் இடமும்தான் நல்லவை. நார் அங்கேதான் முறுகியிருக்கும். நான் சொல்வது கொய்யா. காற்றில் சாய்ந்த கிழட்டுக் கொய்யாவை விறகாக்குமுன் கேட்டு வாங்குங்கள். வெளிவெள்ளையைச் செதுக்கித் தள்ளி, உள்ளே இறுகிய வைரத்தை மட்டும் எடுங்கள்.

அடுத்தது உலர்த்தல். இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். வாரம் ஒருமுறை அடுக்களைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். என் கொய்யாத் துண்டு 312 கிராமில் தொடங்கி, நான்கு மாதத்தில் 241க்கு வந்து அசையாமல் நின்றது. நிறை இறங்குவது நின்ற பிறகுதான் உளியை எடுக்க வேண்டும்.

இனி ஒரு சீவலைத் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். பிசின் கொதித்தாலோ புகை கண்ணைக் கரித்தாலோ அந்தத் துண்டு அடுப்புக்கு. நஞ்சு மரத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. பெயர் தெரியாத மரத்தை எடுக்கவே கூடாது.

அளவுகள் எளியவை. புகையிலை இடும் கிண்ணக் குழி 19 மில்லிமீற்றர் அகலம்; சுவரும் அடியும் 10 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது; புகைத்துளை 4 மில்லிமீற்றர், குழியின் அடியில் போய்த் திறக்க வேண்டும். நார் தண்டின் நீளத்தோடு ஓடட்டும், இல்லாவிட்டால் தண்டு முறியும். துளையிட்ட பிறகே வெளிவடிவம். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சிரட்டைக் கரியை மாவாக இடித்துப் புளிக்காத தயிரில் குழைத்து, குழியின் உட்புறம் மெல்லப் பூசுங்கள். மரம் நேரே தணலைத் தொடாமல் அது காக்கும். இரண்டு நாள் காய வேண்டும். அதற்குள் எறும்பு மோப்பம் பிடித்துவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் குழலை வையுங்கள்.